லைனை அடைத்த படம்

ஈரோட்டுப் பார்சல் கம்பெனி முதலாளி குழந்தைவேலுக்குத் தன் படம்னா உசுரு. ஒவ்வொரு ரசீதிலும் அது பளபளன்னு இருக்கணும். ஆனா கம்ப்யூட்டர் லைன்ல கரூர் கிளைக்கு ஒரு ரசீது போய்ச் சேரவே பத்து நிமிஷம். அங்கே ரசீது வராம லாரியெல்லாம் காத்துக் கிடந்தது.

"எந்தக் கழுதை லைனை அடைக்குது? நாளைக்குள்ள சரிபண்ணு. என் படத்தை மட்டும் எடுக்கக் கூடாது. முடியலைன்னா வேலையை விட்டுப் போயிரு" என்று கம்ப்யூட்டர் பார்க்கும் செல்லாத்தாளிடம் கத்தினார்.

மறுநாள் ரசீது நொடியில் கரூரில் போய் விழுந்தது, படத்தோடு.

"எப்படிம்மா?"

"ஒவ்வொரு ரசீது கூடவும் உங்க படம் இங்கிருந்து போயிட்டிருந்துச்சுங்க. அதை ஒரே தடவை அனுப்பி, கரூர் கம்ப்யூட்டர்லயே வெச்சுட்டேனுங்க. இப்ப எழுத்து மட்டும்தான் போகுது."

"அப்போ, அடைச்ச கழுதை?"

செல்லாத்தாள் சுவரில் தொங்கிய முதலாளி படத்தைப் பார்த்தாள். ஆபீசே அந்தப் பக்கம் திரும்பியது.