இரும்புக்குச் சாத்திய கதவு

அந்தக் காலத்தில் உலோகங்களுக்கு வாய் இருந்தது, கால் இருந்தது, கோபமும் இருந்தது. மனித உடம்புக்குள் ஆளுக்கொரு வேலையாகக் குடியிருந்தன. செம்பும் துத்தநாகமும் வீட்டோடு கிடக்கிற சாதுக்கள். இரும்பு அப்படியில்லை. இரத்தத்தில் மூச்சைச் சுமக்கிற வேலை அதற்கு. அலுப்புத் தட்டினால் விலாவுக்குக் கீழே இருந்த சின்னக் கதவைத் திறந்துகொண்டு, தாய்வீடான தேரி என்னும் செம்மணல் மேட்டுக்குப் போய்விடும். மணலில் புரண்டு, துருவையெல்லாம் உதிர்த்துவிட்டுத் திரும்பி வரும். அதுவரை உடம்புக்காரர் சோர்ந்து படுத்திருப்பார். மற்றபடி மூப்பு என்பதே யாருக்கும் கிடையாது.

மாசானத்தின் மனைவி வடிவுக்கு பிரசவ வலி கண்ட அன்று பார்த்தா அவளுடைய இரும்பு தேரிக்குப் போயிருக்க வேண்டும்! பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது, ஆனால் இரத்தம் நிற்கவில்லை. வடிவின் உதடு வெளுத்துக்கொண்டே வந்தது. மாசானம் வெறுங்காலோடு சுடுமணலில் ஓடினான்.

“ஏலே இரும்பு, ஓடியாலே! எம் பொண்டாட்டி போயிருவா போலிருக்கு!”

“இந்தா வாரேன் அண்ணாச்சி. ஒண்ணு மட்டும் கேட்டுக்கோங்க. பயத்துல கதவைச் சாத்திராதீய. உள்ளேயே கெடந்தா மூச்சுக்காத்து பட்டுத் துருப்பிடிச்சிரும். நானும் கெட்டு, இருக்க வீட்டையும் கெடுத்திருவேன்.”

“சாத்த மாட்டேன்லே, சத்தியம். நீ வா.”

இரும்பு உள்ளே போனதும் வடிவின் முகத்தில் இரத்தம் ஊறியது. கண்ணைத் திறந்து பிள்ளையைக் கேட்டாள். மாசானம் விம்மி விம்மி அழுதான். பிறகு, பாவம், அந்தக் கதவைச் சாத்தி மெழுகு வைத்து அடைத்துவிட்டான். இன்னொரு தடவை அவளை அப்படிப் பார்க்க அவனுக்குத் தெம்பில்லை. அவனைக் குறை சொல்ல யாருக்கு மனசு வரும்? விஷயத்தைக் கேள்விப்பட்ட ஊராரும் அவரவர் வீட்டாரின் கதவுகளை அடைத்துவிட்டார்கள்.

வருஷங்கள் போயின. வடிவின் மூட்டுகள் பிடித்துக்கொண்டன. கையில் பழுப்புப் புள்ளிகள் விழுந்தன. உள்ளேயிருந்து இரும்பு முனகியது.

“அண்ணாச்சி, முடியலை. தெறந்துவிடுங்க.”

மாசானம் பதறிப்போய்த் தேடினான். சதை மூடி, கதவு இருந்த இடமே தெரியவில்லை.

“நான்தான் உன்னைக் கிழவியாக்கிட்டேன்” என்று அவள் மடியில் முகம் புதைத்தான்.

வடிவு சிரித்தாள். “தெறந்து கெடந்திருந்தா நான் கிழவி ஆயிருக்க மாட்டேன், வாஸ்தவந்தான். ஆனா நீங்க நித்தமும் பயந்தே செத்திருப்பீய.”

கதவுகளை அடைத்த அந்த நாள் முதல்தான் உடம்புக்குள் போன இரும்புக்கு வெளியே வர வழியில்லாமல் போயிற்று. அது நம் மூச்சைச் சுமந்துகொண்டே துருப்பிடிக்கிறது. நாமும் அதோடு சேர்ந்து மூப்படைகிறோம்.