வானம் பார்த்த ஆடு

டொக். சற்று இடைவெளி. டொக்.

பல வருடங்களுக்கு முன், கரட்டடி மடத்தின் ஆட்டுப்பட்டியில் கேட்ட சத்தம் அது. ஓர் ஆடு மண்சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டிருந்தது. உள்ளே வரலாமா என்று யாரோ கேட்பதுபோல் இருந்தது.

நஞ்சப்பன் மடத்துக்கு வந்து ஏழு வருடம். தாசில்தாராக இருந்து ஓய்வுபெற்றவர். அவருடைய குரு பூவாத்தாள் அவரைவிட இருபது வயது இளையவள். ஆடு மேய்த்துக்கொண்டே பாடம் சொல்பவள்.

அவளிடம் வந்து நின்றார்.

“அம்மா, எனக்கு இன்னும் மனசு ஒரு நிமிஷம் நிக்க மாட்டேங்குது. அந்தச் செவலை ஆட்டைப் பாருங்க. நேத்தெல்லாம் செவுத்துல முட்டிட்டு இருந்துச்சு. இன்னைக்குக் கழுத்தை அண்ணாந்து வானத்தையே பாக்குது. இமைகூட அசையல. ஏழு வருஷத்துல எனக்குக் கிடைக்காதது அதுக்குக் கிடைச்சிருச்சுங்க.”

பூவாத்தாள் எழுந்து நடந்தாள்.

பட்டியில் கூட்டம். ஆட்டின் கழுத்தில் செவ்வந்தி மாலை. நெற்றியில் குங்குமம். ஒருத்தி கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

பூவாத்தாள் ஆட்டின் கண்ணுக்கு நேரே சட்டென்று விரலை நீட்டினாள். இமை மூடவில்லை.

“கண்ணு தெரியல. என்ன தின்னுச்சு?”

“பூசைக்கு வந்த மக்காச்சோளமுங்க. பாவம், காஞ்ச புல்லையே கடிக்குதேன்னு நான்தான்... பத்து நாளா. கூடை கூடையா” என்றார் நஞ்சப்பன்.

“புல்லு?”

“குடுக்கலீங்க.”

பூவாத்தாள் கற்பூரத்தை ஊதி அணைத்தாள்.

நஞ்சப்பன் பேருந்துக்குக் காத்திருக்கவில்லை. நாலு மைல் நடந்துபோய்க் கால்நடை டாக்டரைக் கையோடு அழைத்துவந்தார்.

“ஆட்டு வயித்துலயே ஊறுற சத்து ஒண்ணு இருக்கு. வைட்டமின் பி-ஒன். தானியம் மிஞ்சினா அது கெட்டுப்போகும். மூளை வீங்கிடும். அதான் செவுத்துல முட்டுது, கழுத்து இப்படி வளையுது” என்றார் டாக்டர். “பொழைக்கும்னு உறுதி சொல்ல மாட்டேன். ஊசியை நேரம் தவறாம போடணும்.”

கற்பூரத் தட்டுக்காரி குறுக்கே வந்தாள்.

“சாமி வந்த ஆட்டுக்கு ஊசியாங்க? பாவம் யாரைச் சேரும்?”

“என்னை” என்றார் நஞ்சப்பன். “தள்ளி நில்லு, ஆத்தா.”

மூன்று நாள் அவர் பட்டியை விட்டு நகரவில்லை. ஊசி போட்டார். பின்னால் வளையும் கழுத்தை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டார். மீண்டும் ஊசி. மாலை வாடி உதிர்ந்தது. கூட்டமும் கலைந்தது.

பூவாத்தாள் வந்து எட்டிப்பார்த்தாள்.

“மனசு நிக்குதுங்களா?”

“எதுங்க?” என்றார் அவர், மருந்துப் புட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல். “சித்த தள்ளிக்குங்க. வெளிச்சம் மறைக்குது.”

அவள் தள்ளி நின்றாள்.

நான்காம் நாள் காலை பட்டியிலிருந்து குரல் வந்தது.

“அம்மா! தலை குனிஞ்சிருச்சுங்க!”

ஆடு புல்லைக் கடித்துக்கொண்டிருந்தது.

செவலை அதன்பின் ஐந்து வருடம் இருந்தது. நாலு முறை குட்டி போட்டது. பார்வை மட்டும் முழுதாகத் திரும்பவில்லை. முன்னால் போகும் ஆட்டின் மணிச்சத்தத்தை வைத்து மேய்ந்தது.