கன்றுக்குட்டி ஏன் கத்தியது

ரொம்பக் காலத்துக்கு முன்னால், வேலங்காடு என்கிற நாட்டை முத்துவீரப்பன் என்று ஒரு ராசா ஆண்டு வந்தாராம். நல்லவர்தான். ஆனால் நினைத்தால் நினைத்ததுதான். ஒரு நாள் சபையில் யாரோ ஓலை வாசித்துக்கொண்டிருக்க, பாதியில் நிறுத்தச் சொல்லி, "எனக்குப் பீர்க்கங்காய் வேணும்" என்றாராம்.

மடைப்பள்ளி அதிகாரி ஏகாம்பரம் எழுந்தார். "நேத்துகூட பீர்க்கங்காய்க் கூட்டு வெச்சோமே, மகாராசா."

"அது இல்லைய்யா. எனக்கு நாலஞ்சு வயசிருக்கும். அம்மா சோத்துல பிசைஞ்சு உருண்டை பிடிச்சுக் கையில குடுத்தாங்க. என்னதும்மான்னு கேட்டேன், பீர்க்கங்காய்ன்னாங்க. அந்த ருசி அப்புறம் வரவே இல்லை. உம்ம ஆளுங்களும் இத்தனை வருசமா என்னென்னமோ செஞ்சு பார்த்துட்டாங்க."

"நாங்க பரம்பரையா சமைக்கிறவங்க மகாராசா..."

"அதனாலதான் இந்தத் தடவை வீட்டுச் சமையல். ஊர்ப் பொம்பளைங்க வரட்டும். சண்டை சச்சரவு வேண்டாம், சும்மா ஒரு போட்டி. யார் சமைச்சதுன்னு பேர் சொல்லக் கூடாது. எங்கம்மா கைப்பக்குவம் யார் தட்டுல இருக்கோ, அவங்க கேட்டது கிடைக்கும்."

ஏகாம்பரத்துக்கு முகம் சுண்டிப்போச்சு.

அரண்மனைத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிறவன் பெண்சாதி செவந்தாயி. அவள் காதில் 'கேட்டது கிடைக்கும்' என்கிற பேச்சு விழுந்ததும் வேறெதுவும் விழவில்லை. காரணம் இருந்தது. கிணற்றடிப் பீர்க்கம்பந்தலையும் பக்கத்தில் இருந்த அவள் குடிசையையும் பௌர்ணமிக்குள் பிரித்துப் போடச் சொல்லியிருந்தார் ஏகாம்பரம். அங்கே ஊஞ்சல் மண்டபம் வரப்போகிறதாம்.

போட்டி அன்று ஒன்பது பெண்கள் வந்தார்கள். ஆளுக்கு இரண்டு காய். இடுப்பில் பிள்ளையோடு கடைசியாக நின்றவளை ஏகாம்பரம் பார்த்தார்.

"தோட்டக்காரிக்கு அடுப்பு எதுக்கு? புல்லு வேக வைக்கவா?"

"புல்லுக்கு அடுப்பு வேண்டாம் சாமி. பச்சையாவே இறங்கும்."

வேடிக்கை பார்க்க வந்திருந்த ராசா சிரித்துவிட்டார். செவந்தாயிக்குத் தைரியம் வந்தது. "ராசா, எல்லாரும் உங்ககிட்ட ருசியைக் கேட்டிருப்பாங்க. நான் ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அன்னைக்கு எங்க உக்காந்து சாப்பிட்டீங்க?"

இதை யாரும் கேட்டதில்லை. ராசா கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார்.

"மாட்டுக்கொட்டகை வாசல்ல. வெயில் சாய்ஞ்சிருந்துச்சு. ஒரு செவலைக் கன்னுக்குட்டி, கயித்தை இழுத்துக்கிட்டு என் இலையையே பார்த்துக் கத்திச்சு. அம்மா சிரிச்சாங்க. சிரிச்சுட்டு முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. ஏன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியலை."

"போதும் ராசா" என்றாள் செவந்தாயி.

அந்த அரண்மனையில் ஒரு வழக்கம். காயைச் சீவினால் தோல் அடுப்படிக்குள் வரக் கூடாது. வெளியிலேயே சீவி, நேராக மாட்டுக்கொட்டகைக்கு அனுப்பிவிடுவார்கள். செவந்தாயி தன் இரண்டு காயையும் பக்கத்து அடுப்புக்காரிக்குக் கொடுத்தாள். "உங்க முறத்துல கிடக்கிற தோலை எனக்குக் குடுங்கக்கா."

"ஐயோ, இதை வெச்சு என்ன பண்ணுவே?"

"பிள்ளைத்தாச்சியா இருக்கும்போது வாரத்துல நாலு நாள் இதுதான்க்கா."

முற்றின நரம்பை எடுத்துவிட்டு, நல்லெண்ணெயில் தோல் சுருண்டு பச்சை வாசம் போகிற வரைக்கும் வதக்கினாள். வறுத்த உளுந்து, மிளகாய், துளி புளி, ஒரு கீற்றுத் தேங்காய். அம்மியில் வைத்து, ரொம்ப மையாக இல்லாமல் நாக்கில் லேசாக உரசுகிற பதத்தில் வழித்தாள். சுடுசோற்றில் எண்ணெய் விட்டுப் பிசைந்து உருண்டை பிடித்தாள். ஏகாம்பரம் எட்டு அடுப்பையும் எட்டிப் பார்த்தார். தோட்டக்காரி அடுப்புப் பக்கம் வருவது கௌரவக் குறைச்சல் என்று திரும்பிப் போய்விட்டார்.

ராசா வாய் வைக்குமுன் அதிகாரி ஒரு வாய் தின்று பார்க்க வேண்டும். நஞ்சு கிஞ்சு இருந்தால் தெரிய வேண்டுமே. எட்டுத் தட்டு முடிந்தது. கூட்டு, பொரியல், பால்கறி, எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ராசா தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். ஒன்பதாவது தட்டில் ஏகாம்பரம் ஒரு உருண்டை தின்றார். இன்னொன்று எடுத்தார். மூன்றாவதும் உள்ளே போனது.

"நஞ்சு பார்க்க ஒரு வாய் போதாதாய்யா?" என்றார் ராசா.

"சந்தேகம் தீரலை, மகாராசா."

ராசா மீதியிருந்ததில் ஒன்றை எடுத்து வாயில் போட்டார். மெல்லுவதை நிறுத்தினார். கண்ணை மூடிக்கொண்டார். "இது யாரோடது?"

செவந்தாயி முன்னால் வந்தாள். "என்ன காய்ம்மா போட்டே?" என்று கேட்டார் ராசா.

"காய் இல்லை ராசா. தோல். மத்தவங்க சீவிப் போட்டது."

ஏகாம்பரம் துள்ளி எழுந்தார். "மாட்டுத் தீனியையா மகாராசாவுக்கு வெச்சே? இவளைப் பிடிச்சு அடைங்கடா."

"மாட்டுத் தீனிதான் சாமி. மூணு உருண்டை உள்ள போயிருக்கு. உங்களை எந்த முளையில கட்டணும்னு சொல்லிட்டீங்கன்னா, புல்லு அள்ளிப் போட்டுருவேன். பச்சையாவே இறங்கும்."

சபை குலுங்கிச் சிரித்தது. ராசா மட்டும் சிரிக்கவில்லை. "அந்தக் கன்னுக்குட்டி ஏம்மா கத்திச்சு?"

"அதோட தீனி உங்க இலையில இருந்துச்சு ராசா. உங்களுக்கு நாலஞ்சு வயசுன்னா, எதிரிங்க கோட்டையைச் சுத்தி வளைச்ச வருசம் அது. பந்தல்ல காய்ச்சதெல்லாம் மதில் மேல நின்ன வீரருங்களுக்குப் போயிருச்சாம். தலைமுறையா அந்தப் பந்தலுக்குத் தண்ணி விடுற எங்க வீட்டுல சொல்லுவாங்க. மகாராணி கையில மிஞ்சினது தோல்தான்."

ராசா தட்டில் மீதியிருந்த உருண்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் அதை விருந்துன்னுல்ல நெனச்சிருந்தேன்."

"விருந்துன்னுதான் ராசா குடுத்திருக்காங்க."

செவந்தாயியின் இடுப்பிலிருந்த பிள்ளை உருண்டைக்குக் கை நீட்டியது. ராசா அதன் கையில் ஒன்றை வைத்தார்.

"உனக்கு என்ன வேணும் சொல்லு."

"கிணத்தடிப் பீர்க்கம்பந்தலையும் எங்க குடிசையையும் பிரிக்க வேண்டாம் ராசா. அன்னைக்கு நீங்க சாப்பிட்டதும் அந்தக் கொடியிலதான் வந்தது. வருசா வருசம் அதோட விதையைத்தான் ஊன்றோம்."

"பிரிக்கச் சொன்னது யாரு?"

ஏகாம்பரம் தன் கால்விரலை எண்ணிக்கொண்டிருந்தார்.

"பந்தலும் இருக்கட்டும், குடிசையும் இருக்கட்டும். ஏகாம்பரம், கன்னுக்குட்டி தீனியை நாம ரெண்டு பேரும் தின்னுட்டோம். நான் ஒரு உருண்டை, நீர் மூணு. அதனால புல்லு அறுக்கிற வேலை உமக்கு."

அதற்கப்புறம் அந்த அரண்மனையில் பீர்க்கங்காய் சீவினால் தோல்தான் முதலில் அடுப்படிக்குப் போகுமாம். சாயங்காலமானால் ராசா இலையைத் தூக்கிக்கொண்டு மாட்டுக்கொட்டகை வாசலுக்கு வந்து உட்காருவாராம். கன்றுக்குட்டி ஒரு தடவை கத்தும். உடனே உள்ளேயிருந்து, "இதோ வந்துட்டேன், வந்துட்டேன்" என்று புல்லுக்கட்டோடு ஏகாம்பரம் ஓடி வருவாராம்.