மந்திரியின் முழங்கால்

எரிகிற சூடத்தை அணைத்துச் சத்தியம் பண்ணுகிறேன்: இதில் ஒரு சொல் பொய்யில்லை.

முன்னொரு காலத்தில், சண்டை போட்டு அலுத்துப்போன இரண்டு ராஜாக்கள் இருந்தார்கள். இரு நாட்டுக்கும் நடுவே ஓடிய ஆற்றில் கூட்டாக ஓர் அணை கட்ட அவர்களுக்கு ஆசை வந்தது. தண்ணீர் பக்கத்து நாட்டு வயலுக்கு. கல்வெட்டில் பெயர் நம் ராஜாவுக்கு. அணைக்குக் கீழே அல்ல, உள்ளே விழுந்தது நொச்சிக்குடி என்ற ஊர். அரண்மனை விகடகவி சடையாண்டியின் அக்கா பேச்சி வாழ்க்கைப்பட்ட ஊர்.

"அந்த ஊருக்குள் நீர் வருமோ?" என்று ராஜா ஒப்புக்குக் கேட்டார்.

சடையாண்டி மேல் நெடுநாள் வயிற்றெரிச்சல் கொண்ட மந்திரி மதிவாணராயர் எழுந்தார்.

"என் முழங்காலுக்கு மேல் ஏறாது, பிரபு. ஒருவரும் இடம்பெயர வேண்டாம். மாற்று நிலமும் வேண்டாம். ஊரார் சம்மதத்தைச் சடையாண்டியே வாங்கி வரட்டும். தவறினால் அவன் தலை போகட்டும்."

"அப்படியே ஆகுக! மந்திரி முழங்காலே எல்லை. இது ராஜவாக்கு."

சடையாண்டி போய்ச் சொன்னான். பேச்சி முறத்தை வீசினாள்.

"ஏன்டா, அந்த ராஜாவைச் சிரிக்க வச்சு நீ வயிறு வளர்க்க, நாங்க முங்கிச் சாகணுமா? அது என்ன முழங்காலுடா, பனைமர உசரத்துக்கு?"

சடையாண்டிக்கு மந்திரி மேல் உச்சந்தலை வரை கோபம் வந்தது.

"சம்மதம்னு சொல்லிடு அக்கா. ஆனா, அளவுகல் நட்டே ஆகணும்னு கேளு."

நீர் தேக்கும் இடத்தில் அளவுகல் நடுவது அந்தச் சீமை வழக்கம். கல்லில் கீறிய கோட்டை நீர் தாண்டினால் மதகைத் திறந்துவிட வேண்டும்.

மதகு மூடும் நாள். கரைமேல் இரண்டு வெண்குடை, மேளதாளம். மாடு கன்றோடு ஊர் முழுக்கக் கரையேறி நின்றது.

"பிரபு, ராஜவாக்குப்படி கோடு மந்திரியார் முழங்கால். அந்த முழங்கால் உள்ள கல் நாட்டில் ஒன்றுதான் இருக்கிறது" என்றான் சடையாண்டி.

ராஜா தலையாட்ட, ஊரார் மந்திரியை நொச்சிக்குடிக் கோயில் கொடிக்கம்பத்தோடு கட்டினார்கள்.

"அசையாதீர்கள், மந்திரியாரே. கல் அசைந்தால் அளவு தப்பும்."

மதகு இறங்கியது. மேற்கே நல்ல மழை. நீர் இடுப்பைத் தொட்டது, மார்பைத் தொட்டது.

"மதகைத் திறங்கடா! செத்தேன்!" என்று மந்திரி அலறினார்.

"என்ன இது, கழுத்துக்கு வந்துவிட்டதே?" என்றார் ராஜா.

சடையாண்டி சிரிக்கவில்லை. "ராஜவாக்குப் பொய்க்குமா, பிரபு? நீர் ஏறவில்லை. மந்திரியாரின் முழங்கால்தான் கழுத்துவரை ஏறியிருக்கிறது."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். மதகு திறந்தது. மந்திரி கெண்டைக் குஞ்சைத் துப்பிக்கொண்டு கரையேறினார். அணையை இடிக்க ஆணை பிறந்தது. சடையாண்டி கழுத்தில் ராஜாவின் முத்துமாலை விழுந்தது. கல்வெட்டுக் கல்லைப் பேச்சி துணி துவைக்க எடுத்துக்கொண்டாள்.

கதையில் இடிந்த அந்த அணை இன்றைக்கும் நிற்கிறது; அதில் மீன் பிடிக்கிறவர்கள் ஓரிடத்தில் மட்டும் வலை வீசமாட்டார்கள். அடியில் நொச்சிக்குடியின் ஓட்டுக்கூரைகளில் வலை சிக்கிக்கொள்ளும்.