முட்டு சொன்ன பதில்

தாணுமூர்த்தி சவரிமுத்துவைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, சவரிமுத்து அவரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"வெளிய போற பந்துக்கு எவனாவது குதிப்பானா? விடு விடுன்னு தொண்டை கிழியக் கத்துனேம்லா?"

ஆஸ்பத்திரி வராந்தா. ஸ்ட்ரெச்சரில் தாணு. வலது கால்முட்டு வீங்கிப் பளபளத்தது. மீசை முளைத்த காலத்திலிருந்து இருவரும் பூப்பந்தில் ஒரே அணி. ஒருவர் திட்டுவார், ஒருவர் குதிப்பார்.

"கோடு தெரியல மக்கா."

"கோடு தெரியாதவனுக்கு மட்டை எதுக்கு? ஒன் மட்டையும் என் மட்டையும் எங்கிட்ட இருக்கட்டும். நடந்து வந்து வாங்கிக்க."

ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

கிழிந்த ஜவ்வைச் சரி செய்துகொண்டு தாணு வீடு திரும்பிய வாரம், மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்த சவரிமுத்து எழுந்திருக்கவில்லை. அடக்கத்துக்குத் தெருவே போயிற்று. தாணு காலை நீட்டிக் கட்டிலில் கிடந்தார்.

மழை போய் மாம்பழம் வந்தது. வாக்கர் மட்டும் போகவில்லை.

கால் தேறிவிட்டது என்றார் டாக்டர். தைரியமாக ஊன்றலாம் என்றார் பயிற்சி கொடுக்க வந்தவர். தாணு ஊன்ற மாட்டார். வலது பாதம் தரையைத் தொடப்போகும்போதே முகம் வேர்த்துவிடும்.

"இப்படியே விட்டா கால் சூம்பிப் போகும். அப்புறம் ஆயுசுக்கும் வாக்கர்தான்," என்றார் டாக்டர். "முட்டுல ஒண்ணுமில்ல. மனசுக்குன்னு ஒருத்தங்க இருக்காங்க. போன்லயே முகம் பாத்துப் பேசுவாங்க."

"நான் என்ன கிறுக்கனா?" என்றார் தாணு வீட்டுக்கு வந்து.

"அத அவங்க பாத்துச் சொல்லட்டும்," என்றாள் அவர் மனைவி பகவதி. போனில் நேரம் வாங்கியதும் அவள்தான்.

சொன்ன நேரத்துக்குப் போன் அடித்தது. தாணு கட்டிலில் உட்கார்ந்தபடி அதைச் செம்பில் சாய்த்து வைத்தார். லுங்கியை வழித்தார். முட்டைக் காட்டினார்.

"வணக்கம் சார். நான் ரெஹானா." மகள் வயதுக் குரல். "உங்க முகத்தைப் பார்க்கலாமா?"

"முகத்துக்கு ஒண்ணுமில்லம்மா. ஆபரேஷன் முட்டுல."

"சரி."

போனை நகர்த்துகிற சத்தம் கேட்டது. தாணு எட்டிப் பார்த்தார். போனில் அந்தப் பெண்ணின் முகம் இல்லை. பச்சைச் சுடிதார் போட்ட ஒரு முட்டு இருந்தது.

"என்னம்மா இது?"

"உங்ககிட்ட இல்ல சார். அவங்ககிட்ட பேசணும்." பச்சை முட்டு லேசாக அசைந்தது. "வணக்கம் முட்டு. எப்படி இருக்கீங்க?"

தாணு அடுக்களைப் பக்கம் பார்த்தார். பகவதி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"பதில் சொல்லச் சொல்லுங்க சார். மரியாதையா கேக்குறேன்ல?"

"முட்டு எப்படிம்மா பேசும்?"

"பேசாதுன்னா என்கிட்ட எதுக்குக் காட்டுனீங்க?"

தாணு வாசல் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

"இருக்கேன்," என்றது முட்டு.

"வலி இருக்கா?"

"முன்ன இருந்துச்சு. இப்ப இல்ல."

"உங்களை வச்சிருக்கவர் எப்படி? நல்லா பாத்துக்கிறாரா?"

"எங்க பாக்காரு? படுத்தே கெடக்காரு. ரசவடையும் பழமுமா உள்ள தள்ளுதாரு. நாளைக்கு அந்தப் பாரம் பூரா எனக்குத்தான்."

"முட்டுக்காவது புத்தி இருக்கே!" என்றது அடுக்களை.

"நீ சும்மா கெட! நான் பேசல, முட்டு பேசுது."

"அதான் நல்லா இருக்கு. அதையே பேசச் சொல்லுங்க."

போனில் பச்சை முட்டு குலுங்கியது. சிரிப்பை அடக்குகிறாள் போல. பிறகு நின்றது.

"முட்டு, உங்களால உடம்பைத் தாங்க முடியுமா?"

"முடியும்."

வாய் முந்திக்கொண்டது. தாணு போனை முறைத்தார்.

"அப்ப ஏன் நடக்கல?"

"இவரு விட மாட்டேங்காரு."

"ஏனாம்? விழுந்துருவோம்னா?"

"அதெல்லாம் வெளிய சொல்லுதது. விழுறது இவருக்குப் புதுசா? களத்துல விழாத எடமே கெடையாது."

"பின்ன?"

தாணு முட்டைத் தடவினார்.

பச்சை முட்டு காத்திருந்தது. அதற்கு அவசரம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. அடுக்களையில் பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. பகவதி அணைக்கப் போகவில்லை.

"மட்டை அங்க இருக்கு," என்றது முட்டு.

"எங்க?"

"சவரிமுத்து வீட்டுல."

"அவர் யாரு?"

"கூட ஆடுறவன். நடந்து வந்து வாங்கிக்கன்னு சொன்னான்."

"போய் வாங்கலாமே?"

"வாங்கிட்டா..."

தாணு லுங்கியை இழுத்து முட்டை மூடினார். கொஞ்சம் கழித்துத் தானே விலக்கினார்.

"வாங்கிட்டா முடிஞ்சு போச்சுல்லா. இப்பன்னா அவன் சொன்னது ஒண்ணு பாக்கி கெடக்கு."

போனில் பச்சை முட்டு விலகியது. ரெஹானாவின் முகம் வந்தது. அவர் நினைத்ததைவிடச் சின்னப் பெண். மூக்குக் கண்ணாடி நழுவி இறங்கியிருந்தது.

இப்போது ஏதாவது சொல்வாள் என்று தாணு காத்திருந்தார்.

"நேரம் முடிஞ்சுது சார்," என்றாள் அவள். "அடுப்புல என்னமோ தீயுது. யாராவது போய்ப் பாருங்க."

போன் கறுத்தது.

"ஏட்டி, பாலு!" என்று கத்தினார் தாணு.

பகவதி அடுக்களை வாசலில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். அவள் நகரவில்லை.

தாணு போய் அடுப்பை அணைத்தார்.

அணைத்துவிட்டுத் திரும்பியபோதுதான், கட்டிலோரம் தனியாக நின்ற வாக்கரைப் பார்த்தார். வேர்த்தது. ஆனால் கால் ஊன்றித்தான் இருந்தது.

"சட்டைய எடு," என்றார்.

"எங்க?"

"ரெண்டு தெரு தள்ளி."

சவரிமுத்துவின் மனைவி செல்வமேரி கதவைத் திறந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். காலைப் பார்த்தாள்.

"நடந்தா வந்தீங்க?"

"நடந்துதான்."

அவள் உள்ளே போய், அலமாரிக்கு மேலிருந்து எடுத்துக்கொண்டு வந்தாள்.

மட்டைகள் இரண்டும் ஒரே உறைக்குள் இருந்தன.