மூன்றடிப் பாதை

மணிக்கூண்டுச் சாலைக்குப் பின்னால், ஒரு சந்துக்குள் உமாபதி சாமியின் மடம் இருந்தது. மடம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு அறை, ஒரு கஞ்சி அடுப்பு. சாமிக்கு முப்பத்தொன்பது வயது. வியாழன்தோறும் அவரிடம் வந்து உட்கார்ந்து போகும் சீடர் தணிகாசலத்துக்கு ஐம்பத்தேழு. மாநகராட்சியில் சாலைப் பொறியாளர்.

"மகன் வயசு ஆளைப் போய் சாமிங்கறீங்களே சார்" என்று அலுவலகத்தில் கேலி செய்வார்கள்.

"காய்ச்சல்னு போனா டாக்டர் வயசையா கேக்குறோம்?" என்பார் தணிகாசலம்.

அன்று செவ்வாய்க்கிழமை. வியாழன் வரை அவரால் பொறுக்க முடியவில்லை. மாலை நாலு மணிக்கே வந்துவிட்டார். கக்கத்தில் சுருட்டிய வரைபடம். கழற்றிய செருப்பு ஒன்று வாசலிலும் ஒன்று தெருவிலுமாக விழுந்தது. அதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

சாமி அடுப்பின் முன் நின்று கஞ்சியைத் துழாவிக்கொண்டிருந்தார்.

"சாமி, நாளைக்குப் பத்து மணிக்குக் கூட்டம். நான் கையெழுத்துப் போட்டாகணும். போடலாமா, வேண்டாமா? ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"எதுல?"

தணிகாசலம் சொன்னார். மணிக்கூண்டுச் சாலையில் சைக்கிளுக்கென்று தனிப்பாதை போட வேண்டும் என்பது அவருடைய யோசனைதான். இரண்டு வருடத்தில் அந்தச் சாலையில் ஏழு சைக்கிள்காரர்கள் பேருந்தில் அடிபட்டிருந்தார்கள். மூன்று பேர் பிழைக்கவில்லை. ஆறடி அகலத்தில் பாதை, பேருந்து ஏறிவிடாமல் கரையில் கல்வரிசை என்று வரைந்துகொண்டு போனார். கடைக்காரர் சங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. வாசலில் வண்டி நிறுத்த இடம் போய்விட்டால் கடைக்கு யார் வருவார்கள்? பேசிப் பேசி ஆறடி ஐந்தாகி, ஐந்து நாலாகி, கடைசியில் மூன்றடியில் வந்து நின்றது.

"மூணடி போதும்தானே சாமி? ஆபீஸ் வாட்ச்மேன் சைக்கிளை நானே டேப் வெச்சு அளந்தேன். ஹேண்டில்பார் ரெண்டடிக்குக் கொஞ்சம் கம்மி. மூணடில தாராளமாப் போகலாம்."

"போதும்னா அப்புறம் என்ன கவலை?"

தணிகாசலம் வரைபடத்தை இன்னும் இறுக்கிச் சுருட்டினார். மூன்று வாரமாக அவருக்குச் சரியான தூக்கமில்லை. சாப்பிட உட்கார்ந்தால் பாதிச் சோற்றில் எழுந்துவிடுகிறார். ஏன் என்று மனைவி கேட்டால், பசியில்லை என்கிறார்.

"ஆறடிதான்னு பிடிவாதமா நின்னா, எல்லாரும் என்னைத்தான் முறைப்பாங்க. போன வருஷம் இப்படித்தான் ஒருத்தர் எதிர்த்துப் பேசினார். இப்ப ரெக்கார்டு ரூம்ல பழைய ஃபைலுக்குத் தூசி தட்டிக்கிட்டிருக்கார். அவருக்கு யாரும் டீகூட வாங்கித் தர்றதில்ல சாமி."

சாமி கஞ்சியை இறக்கி வைத்தார்.

"சைக்கிள் ஓட்டத் தெரியுமா?"

"காலேஜ் நாள்ல ஓட்டினது."

"நல்லதாப் போச்சு. ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி போகணும். கொண்டுபோறவருக்கு இன்னிக்கு உடம்பு சரியில்ல."

"சாமி, என் கேள்வி..."

"கஞ்சி ஆறிடும். வாங்க."

மடத்துச் சைக்கிளின் கைப்பிடியில் இரண்டு பக்கமும் தூக்குவாளிகள் தொங்கின. வரைபடத்தை முன் கம்பியில் கயிறு போட்டுக் கட்டினார்கள். பெரிய பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு சாமி பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்தார். அவருடைய முழங்கால்கள் ஒரு முழத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

தணிகாசலம் நாலு மிதி மிதிப்பதற்குள் வண்டி இரண்டு முறை சாயப் பார்த்தது. சந்து முடிந்தது. சாலை வந்தது.

பத்து வருடமாக ஜீப்பில் போய்வந்த சாலைதான். எத்தனை விளக்குக் கம்பம், எத்தனை சாக்கடை மூடி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ஆனால் சைக்கிள் இருக்கையிலிருந்து பார்த்தபோது அது வேறு யாருடைய ஊர்ச் சாலையோ போலிருந்தது.

பின்னாலிருந்து ஒரு பேருந்து ஹாரன் அடித்தது. சத்தம் காதில் விழவில்லை, முதுகில் விழுந்தது. இடப்பக்கம் கடை வாசல்களில் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாகச் சாய்ந்து நின்றன. அவற்றுக்கும் சாலைக்கும் நடுவே ஒரு சாண் மணல். அந்த மணலில் சக்கரம் வழுக்கியது. தூக்குவாளி ஒன்று யாருடைய வண்டிக் கண்ணாடியிலோ மோதி நசுங்கியது. பேருந்தின் தகரம் வலது தோளை உரசாமல் உரசிக்கொண்டு போயிற்று. சூடான காற்று முகத்தில் அடித்தது.

ஓர் ஆட்டோ பக்கத்தில் வந்தது.

"யோவ் பெருசு! ஓரமாப் போய்யா!"

"இதுக்கு மேல ஓரம் எங்கய்யா இருக்கு?" என்று கத்தினார் தணிகாசலம். இதற்கு முன் எப்போதாவது நடுத்தெருவில் இப்படிக் கத்தியதாக அவருக்கு நினைவே இல்லை. ஆட்டோ அதற்குள் போய்விட்டது.

பாத்திரக்கடை வாசலில் சங்கத் தலைவர் சிதம்பரநாதன் நின்றிருந்தார்.

"என்ன சார், ஜீப்பு பஞ்சரா? அட, சாமியோட டபுள்ஸ் வேறயா!" என்று சிரித்தார். கொஞ்சம் தள்ளிப் போன பிறகும் குரல் துரத்தி வந்தது. "நாளைக்குப் பத்து மணி சார்! பதினாலு பேர் சோறு இந்தக் கடையில இருக்கு. பாத்துச் செய்யுங்க!"

பதிலுக்குக் கும்பிட வேண்டும் என்று தணிகாசலத்துக்குத் தோன்றியது. கைப்பிடியிலிருந்து ஒரு விரலைக்கூட எடுக்க முடியவில்லை.

சிக்னலில் சிவப்பு விழுந்தது. தணிகாசலம் காலை ஊன்றினார். பக்கத்தில் ஒரு பாய் வியாபாரி வந்து நின்றார். காரியரில் கோரைப்பாய்ச் சுருள்களைக் குறுக்கே அடுக்கிக் கட்டியிருந்தார். ஒரு முனை தணிகாசலத்தின் விலாவை இடித்தது.

"புதுசா ஓட்டுறீங்களா?" என்றார் பாய்க்காரர். "பிரேக்கை அப்படிப் பிடிக்காதீங்க, மணிக்கட்டு போயிடும். பஸ்ஸு ஒட்டி வந்தா எறங்கி நின்னுடுங்க. இங்க வீரம் காட்டுனவன் யாரும் வீடு போய்ச் சேரல."

"நீங்க தினமும் வர்றீங்களா?"

"பதினோரு வருஷமா. நமக்குன்னு தனியா ரோடு போடப்போறாங்களாமே, கேள்விப்பட்டீங்களா? கல்லு வெச்சுக் கட்டி மூணடியாம்."

தணிகாசலம் முன் கம்பியில் கட்டிய வரைபடத்தைக் கையால் மறைத்தார். "நல்லதுதானே?"

"யாருக்கு? என் பாய் அஞ்சடி. பால்காரரு கேனு ரெண்டு பக்கமும் சேத்து நாலடி. பிளாஸ்டிக் குடம் விக்கிறவனை நீங்க அளக்கவே முடியாது." சிரித்துவிட்டுத் தலைத்துண்டை இறுக்கிக் கட்டினார். "காலி சைக்கிளோட எவங்க இந்த ரோட்டுக்கு வர்றான்? அந்த மூணடிக்குள்ள நுழைய முடியாதவன் பஸ்ஸு போற இந்தப் பக்கந்தான் வந்தாகணும். இன்னிக்கு பஸ்காரன் ஓரமாப் போங்கறான். நாளைக்கு என்ன சொல்லுவான்? உனக்குத்தான் தனியாப் போட்டுக் குடுத்திருக்கே, இங்க உனக்கென்ன வேலைம்பான். இடிச்சுப் போட்டாலும் தப்பு நம்ம மேலதான்னு எழுதிக்குவாங்க."

தணிகாசலம் எதிரே பார்த்தார். சிவப்பு விளக்கில் நொடிகள் குறைந்துகொண்டிருந்தன. ஒன்பது. எட்டு. பின்னால் பேருந்து உறுமத் தொடங்கியது. ஏழு.

"இதை ஏன் போய்ச் சொல்லல?"

"யார்கிட்டங்க? அளந்தவரு யாருன்னு தெரிஞ்சா சொல்லலாம்."

பச்சை விழுந்தது.

"மிதிங்க, மிதிங்க! என் பின்னாடியே வாங்க. பாயைப் பாத்து வழி விடுவானுங்க."

அவர் முன்னே போனார். ஐந்தடிப் பாய் ஊருக்குக் குறுக்கே கை நீட்டியது போல் போயிற்று. அதன் மறைவில் தணிகாசலம் கண்ணை இமைக்காமல் மிதித்தார். ஆஸ்பத்திரி வாசலில் அவர்கள் திரும்பினார்கள். பாய்க்காரர் திரும்பிப் பார்க்காமல் ஒரு கையை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டு நேரே போய்விட்டார்.

வண்டியை ஸ்டாண்டில் நிறுத்த மூன்று முறை முயல வேண்டியிருந்தது. சாமிதான் பிடித்து நிறுத்தினார். பிறகு, காத்திருந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றப் போனார். தணிகாசலம் வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தார். தன் கைகளைப் பார்த்தார். அவை இன்னும் கைப்பிடியைப் பிடித்திருப்பது போல் மடங்கியே இருந்தன.

வரைபடத்தை அவிழ்த்து விரித்தார். நேர்த்தியான படம். இரண்டு கோடுகளுக்கு நடுவே பாதை. பாதையில் ஒரு சின்னச் சைக்கிள் வரையப்பட்டிருந்தது. அதன் மேல் ஆள் இல்லை. பின்னால் சுமை இல்லை.

பேனாவை எடுத்தார். மூன்றை அடித்தார். மேலே ஆறு என்று எழுதினார். கீழே சிறிய எழுத்தில் ஒரு வரி சேர்த்தார்: 'ஆறடிக்குக் குறைவான பாதைக்கு என்னால் ஒப்புதல் தர இயலாது.' அதற்கும் கீழே கையெழுத்துக்கான இடம் இருந்தது. பேனா அங்கே போய் நின்றுவிட்டது.

காலிப் பாத்திரத்தோடு சாமி வந்தார்.

"சாமி."

"ம்."

"இதைக் கொண்டுபோய் வெச்சா, நாளைக்கே என்னை ஓரங்கட்டிடுவாங்க."

சாமி குழாயடியில் பாத்திரத்தைக் கழுவினார். கவிழ்த்து வைத்தார். ஈரக்கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"கட்டட்டும். ஓரத்துலயும் ஆளு இருக்கு. பாத்துட்டுத்தானே வந்தீங்க?"