எழும்பாத இடது விளக்கு

பொள்ளாச்சி ரோட்டில் குணவதியின் பட்டறை வாசலில் அந்தச் சிவப்புக் கார் வந்து நின்றாலே நாச்சிமுத்துவுக்கு அலுப்புத் தட்டிவிடும்.

இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். முன்விளக்குகள் பானெட்டுக்குள் ஒளிந்திருக்கும். சுவிட்சைப் போட்டால், விளக்குக்கு ஒன்றாக உள்ளே இருக்கும் சின்ன மோட்டார் தூக்கிவிட, மூடியோடு எழும்பி நிற்கும், அணைத்தால் படுத்துக்கொள்ளும். புதிதில் ஊரே நின்று வேடிக்கை பார்த்திருக்கும். இப்போது வலது விளக்கு மட்டும்தான் எழும்பியது. இடது, சுவிட்சை எத்தனை தடவை தட்டினாலும் கேளாக் காதாகக் கிடந்தது.

நாச்சிமுத்து மில்லில் வேலை பார்த்தவர். மில்லை மூடிய பிறகு, ஐம்பது வயதைத் தாண்டி, வண்டி வயரிங் கற்றுக்கொள்ளக் குணவதியிடம் வந்து சேர்ந்தார். குணவதி அவரைவிட ரொம்பவே இளையவர். ஆனாலும் நாச்சிமுத்து அவரை "மாஸ்டர்" என்றுதான் கூப்பிடுவார். ஊரில் சிலர் சிரித்தார்கள். சிரித்தவர்களின் வண்டிகளும் ரிப்பேருக்கு அங்கேதான் வந்தன.

காரின் சொந்தக்காரர் தேவசகாயம், வால்பாறைப் பக்கம் தேயிலை எஸ்டேட்டில் இருந்து ஓய்வு பெற்றவர். அன்று காலை சாவியை மேசைமேல் வைத்தார்.

"இனி இதோட மல்லுக்கட்ட என்னால ஆகாதும்மா. மோட்டாரைக் கழட்டி எறிஞ்சிட்டு மூடியை அப்படியே இறுக்கிடுங்க. முன்னால நல்லதா ரெண்டு டிரைவிங் லைட் வச்சுக் குடுங்க."

"டிம்மும் பிரைட்டும் இருக்கற ஜோடியா வச்சுத் தர்றோமுங்க," என்றார் குணவதி.

தேவசகாயம் பஸ் ஏறிப் போனார். நாச்சிமுத்துவின் முகத்தில் வெகு நாளைக்குப் பிறகு ஒரு தெளிச்சி.

"மாஸ்டர், இந்த வேலையை நானே பார்க்கட்டுங்களா?"

"பாருங்ணா."

பாவம், அந்த இடது விளக்கு அவரை அப்படிப் படுத்தியிருந்தது. மோட்டார் மாற்றினார், பல்சக்கரம் மாற்றினார், ரிலே மாற்றினார். இரண்டு வாரம் எழும்பும், மறுபடி படுத்துக்கொள்ளும். பானெட்டைத் திறந்து, மோட்டாரின் குமிழைக் கையால் திருகித் திருகி அதை மேலே கொண்டுவருவார். "எந்திரி சாமி, எந்திரி," என்று கெஞ்சுவார். அதே வார்த்தையைத் தினமும் காலையில் வீட்டிலும் சொல்லிவிட்டுத்தான் பட்டறைக்கு வருவார் என்பது குணவதிக்குத் தெரியும்.

அவர் மனைவி மயிலாத்தாளுக்கு மனசு சரியில்லை. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். சில நாள் எழுந்து குளித்து, கீரை கடைந்து வைப்பாள். பல நாள் சுவரைப் பார்த்துப் படுத்தவள் படுத்தபடி. பெண்ணைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. வீட்டில் வேறு ஆள் இல்லை.

நாச்சிமுத்து வேலையை ஆரம்பித்தார். பம்பரில் பட்டையை முடுக்கி இரண்டு வட்ட விளக்குகளைப் பூட்டினார். கரண்டு வண்டி இரும்பு வழியாகத் திரும்பிப் போவதற்கான எர்த் வயரைப் பிடிக்க வைக்கப் பெயிண்டைச் சுரண்டி, இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து, புது போல்ட் போட்டார். பக்கத்தில் துருவேறித் தொங்கிக்கொண்டிருந்த பழைய எர்த் வயர்களையும் கையோடு அதிலேயே சேர்த்து இறுக்கினார். வேலையில் சுத்தமானவர். குறை சொல்ல முடியாது.

பிறகு வலது மோட்டாரைக் கழற்றினார். இடது மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கவில்லை. செத்ததற்கு எதற்கு அந்த மரியாதை என்று நினைத்திருக்க வேண்டும். இரண்டு மூடிகளையும் உள்ளிருந்து போல்ட் போட்டு இறுக்கிவிட்டு டீ குடிக்க வந்தார்.

"வெள்ளிக்கிழமை லீவு வேணுமுங்க மாஸ்டர்."

"என்ன விசேஷம்ணா?"

"மயிலைத் தாராபுரத்துல அவங்கண்ணன் ஊட்ல உட்டுட்டு வந்தர்றனுங்க."

"எப்பத் திரும்பக் கூட்டிட்டு வருவீங்க?"

நாச்சிமுத்து டம்ளருக்குள் பார்த்தார்.

"கூட்டிட்டு வர்ற மாதிரி இல்லீங்க."

"மயிலக்கா அண்ணன் என்ன சொல்றாரு?"

"அவுருக்கும் மனசில்லீங்க. பின்கட்டுல ஒரு ரூம்பு இருக்குது, உட்டுட்டுப் போங்கன்னாரு."

"அக்கா?"

"அவ என்னத்தச் சொல்றா. சொவத்தப் பார்த்துட்டே, 'செரி'ன்னா."

குணவதி நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வை நாச்சிமுத்துவுக்குக் குத்தியது.

"நீங்களே சொல்லுங்க மாஸ்டர். எந்திரிக்காத விளக்க எத்தன நாளைக்குத் திருகிட்டிருக்கறது? கழட்டிப் போட்டு வேற வழி பாக்கறது தப்பில்லீன்னுதானே இந்த வேலைய ஒத்துக்கிட்டீங்க? இது தப்பில்லீன்னா அது மட்டும் எப்படீங்க தப்பாகும்?"

குணவதி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார்.

"சுவிட்சப் போடுங்க. வெளிச்சம் எப்படி விழுகுதுன்னு பாப்போம்."

நாச்சிமுத்து வண்டிக்குள் உட்கார்ந்து சுவிட்சைப் போட்டார். பட்டறையின் உள்சுவரில் இரண்டு வட்டங்கள் பளிச்சென்று விழுந்தன. அவர் பெருமையாகத் தலையை நீட்டினார்.

அப்போது இடது மூடிக்கு அடியிலிருந்து ஒரு முனகல் கேட்டது. மூடி நடுங்கியது. உள்ளே எதுவோ போல்ட்டை முட்டி முட்டித் தள்ளியது. பிளாஸ்டிக் கருகும் வாசனை வந்தது.

"அணைங்ணா! அணைங்க!"

அணைத்தார். இறங்கி வந்து மூடிமேல் கை வைத்தார். இன்னும் அதிர்வது போலிருந்தது. அவசரமாகப் போல்ட்டைக் கழற்றினார். குணவதி சுவிட்சைப் போட்டார். இடது விளக்கு, தடங்கல் எதுவுமில்லாமல், விறுவிறுவென்று எழும்பி நின்றது.

"மோட்டார் நல்லாத்தான் இருந்திருக்குது. எர்த் புடிக்கல," என்றார் குணவதி. "பழைய வயரை நீங்க நல்ல போல்ட்டுல சேத்துட்டீங்க."

நாச்சிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாள் அதைத் திட்டியது எல்லாம் நினைவுக்கு வந்திருக்கும்.

"புரிஞ்சுதுங்க மாஸ்டர். உள்ளுக்குள்ள முட்டிட்டுத்தான் இருந்திருக்குது. நாந்தான் எடந் தெரியாமத் தேடிட்டேன். அப்ப மயிலும் எந்திரிச்சிருவா. அதைத்தானுங்களே காட்டுனீங்க?"

"நான் ஒண்ணும் காட்டலீங்ணா. எர்த் புடிச்சுது, விளக்கு எந்திரிச்சுது. மயிலக்கா எந்திரிப்பாங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவர் முகம் விழுந்தது. குணவதி போனை எடுத்துத் தேவசகாயத்தைக் கூப்பிட்டு, பழைய விளக்கே எழும்புகிறது, வலதையும் திரும்பப் பூட்டித் தரலாம், எப்படிச் செய்யட்டும் என்று கேட்டார். போனில் அவர் சொன்னது நாச்சிமுத்துவுக்கும் கேட்டது.

"வேண்டாம்மா. இன்னிக்கு எந்திரிக்கும், மழைக்காலம் வந்தா மறுபடி படுத்துக்கும். புது லைட்டே இருக்கட்டும். அதைக் கழட்டிடுங்க."

குணவதி போனை வைத்தார்.

"கழட்டிருங்ணா."

"நல்லா எந்திரிக்குதுங்களே, மாஸ்டர்!"

"எந்திரிக்குது. அவுருக்கு வேண்டாம். அவுரு வண்டி, அவுரு சொல்றதுல தப்பில்ல."

நாச்சிமுத்து இந்தத் தடவை பிளக்கைப் பிடுங்கினார். மோட்டாரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். முதலில் ஒரு நியாயம் கிடைத்தது, அது நிற்கவில்லை. பிறகு ஒரு நம்பிக்கை கிடைத்தது, அதுவும் நிற்கவில்லை. கோபம்தான் மிச்சம் இருந்தது.

"கழட்டறதும் தப்பில்லீங்கறீங்க. எந்திரிக்குமான்னும் தெரியாதுங்கறீங்க. அப்ப நான் என்னதானுங்க பண்ணட்டும்?"

குணவதி அவர் எதிரில் ஒரு பழைய டயரை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"விளக்கு எதுக்குங்ணா இருக்குது?"

"வெளிச்சத்துக்குங்க."

"மயிலக்கா எதுக்கு?"

நாச்சிமுத்து வாயைத் திறந்தார். சோறாக்க என்று சொல்ல முடியவில்லை. பேச்சுத் துணைக்கு என்று சொல்ல முடியவில்லை. எதைச் சொன்னாலும் அசிங்கமாக இருக்கும்போல் தோன்றியது. ரோட்டில் ஒரு லாரி போனது. அவர் கையிலிருந்த மோட்டாரைத் தரையில் வைத்தார்.

"நான் ரொம்பக் களைச்சுப் போயிட்டனுங்க மாஸ்டர்," என்றார் கடைசியில்.

"தெரியுதுங்ணா. வெள்ளிக்கிழமை பட்டறைக்கு லீவு. நான் காலையிலயே வந்து அக்காகூட உக்காந்துக்கறேன். நீங்க அடுத்த ரூம்புல படுத்துத் தூங்குங்க."